மாடல் கிடைப்பதில்லை என்கிறவர்களுக்கு

"உருவ ஓவியம் பழக ஆசை, மாடல்தான் கிடைப்பதில்லை" என்று சொல்லிக்கொண்டு வருகிற இளைஞர்களின் ஸ்கெட்ச் புத்தகத்தை முதலில் வாங்கிப் புரட்டுவேன். அப்துல் கலாம் இருப்பார். முண்டாசு கட்டிய பாரதி இருப்பார். ரஜினிகாந்த் மூன்று தோற்றங்களில் இருப்பார். வீட்டில் இருக்கிற பாட்டி மட்டும் எந்தப் பக்கத்திலும் இருக்க மாட்டார். ஏன் என்று கேட்டால், "பாட்டி அசைந்துகொண்டே இருப்பார் சார்" என்று பதில் வரும்.

போட்டோவைப் பார்த்து வரைவது பாவம் ஒன்றும் இல்லை. ஆனால் பாரதியின் புகைப்படங்கள் என்று நம்மிடம் இருப்பவை விரல்விட்டு எண்ணிவிடக்கூடியவை. அவற்றைப் பார்த்து வரைந்தவரைப் பார்த்து வரைந்தவரைப் பார்த்துத்தான் இன்று பள்ளிச் சுவர்களில் வரைகிறார்கள். வெளிச்சம் எந்தப் பக்கம், நிழல் எவ்வளவு ஆழம், கண் எங்கே பார்க்கிறது என்பதையெல்லாம் போட்டோ எடுத்தவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார். உங்களுக்கு மிச்சம் இருப்பது கைவேலை மட்டும். எதிரில் ஓர் ஆள் உட்கார்ந்திருந்தால் அந்த முடிவுகளையெல்லாம் நீங்களே எடுத்தாக வேண்டும். அதற்குத்தான் மாடல்.

நான் சென்னையில் இருந்து வரைகிறேன். அதனால் இங்குள்ள இடங்களைத்தான் சொல்வேன். மதுரையிலும் திருச்சியிலும் தெருப்பெயர் மாறும், முறை மாறாது.

முதலில் கண்ணாடி

பாரிஸில் இருந்த இரண்டு ஆண்டுகளில் வின்சென்ட் வான்கோ தன் முகத்தையே இருபது தடவைக்கு மேல் வரைந்தார். தன் முகத்தின் மேல் ஆசை வைத்து வரைந்தவை அல்ல அவை. மாடலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை. 1888-ல் தென் பிரான்ஸில் உள்ள ஆர்ல் நகரத்துக்குப் போன பிறகு தபால் ஊழியர் ஒருவரோடு பழகி, அவரையும் மனைவியையும் மூன்று பிள்ளைகளையும் வரைந்தார். பணம் இல்லாத ஓவியனின் பாதை எப்படிப் போகும் என்பதற்கு அவரைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது: கண்ணாடி, பிறகு பழக்கமான குடும்பம், பிறகு மற்றவர்கள்.

குளியலறைக் கண்ணாடி போதாது. தலையும் தோளும் முழுதாகத் தெரிகிற கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வையுங்கள். ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம் விழட்டும். ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள், அது முகத்தைச் சப்பாத்தி மாவு போலத் தட்டையாக்கிவிடும். உங்கள் கண் இருக்கும் உயரத்தில் கண்ணாடியின் மேலேயே ஒரு சின்னப் புள்ளி வைத்துக்கொண்டால், குனிந்து வரைந்துவிட்டு நிமிரும்போது தலை பழைய இடத்துக்கு வந்ததா என்று தெரியும்.

தினம் நாற்பது நிமிடம் என்று ஒரு வாரம் செய்யுங்கள். மூக்கும் கண்ணும் வரையப் பழகுவது ஒரு லாபம். இன்னொரு லாபத்தை நான் பெரிதாக நினைக்கிறேன். பத்தாவது நிமிடத்தில் கழுத்து இறுகும், பதினைந்தாவது நிமிடத்தில் மூக்கு அரிக்கும், இருபதாவது நிமிடத்தில் கண் தானாகக் கீழே இறங்கும். நாளைக்கு வேறொருவரை உட்கார வைக்கும்போது அவர் உடம்பில் என்ன நடக்கிறது என்பது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

வீட்டுக்குள்ளே

வீட்டில் யாரையும் போஸ் கொடுக்கச் சொல்லாதீர்கள். சொன்னால் அம்மா எழுந்துபோய் முகம் கழுவி, பவுடர் போட்டு, புடவை மாற்றிக்கொண்டு வந்து பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்வதுபோல் உட்கார்ந்துவிடுவார். அவர் பூண்டு உரிக்கும்போது எதிரே உட்கார்ந்து வரையுங்கள்.

மதியம் தூங்குகிறவர்கள் முதல் வகுப்பு. தூங்குகிற மனிதரின் எடை முழுவதும் பாயில் இறங்கியிருக்கும். தோள் எங்கே அழுந்துகிறது, வயிறு எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்க்க அதைவிட நல்ல சந்தர்ப்பம் இல்லை. சாயங்காலம் தொலைக்காட்சித் தொடர் பார்க்கிறவர்கள் இரண்டாம் வகுப்பு. விளம்பரம் வரும் வரை தலை அசையாது. விளம்பரத்தில் எழுந்துபோனாலும் திரும்பி வந்து அதே மாதிரிதான் உட்கார்வார்கள்.

வேலை செய்கிறவர்களை வரைய ஒரு வழி உண்டு. பூ கட்டுவது, காய் நறுக்குவது, துணி மடிப்பது எல்லாமே சுற்றிச் சுற்றி வருகிற அசைவுகள். ஒரே தாளில் மூன்று ஓவியங்களைத் தொடங்குங்கள்: கை மேலே போகும்போது ஒன்று, கீழே வரும்போது ஒன்று, நடுவில் நிற்கும்போது ஒன்று. கை எந்த நிலைக்கு வருகிறதோ அந்த ஓவியத்தில் இரண்டு கோடு போடுங்கள். அரை மணி நேரத்தில் மூன்றும் நிறைந்துவிடும்.

ராஜா ரவிவர்மா 1893-ல் வரைந்த ஒரு புகழ்பெற்ற படத்தில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தகப்பனார் வருகிற திசையைக் காட்டுகிற பெண் அவருடைய சொந்த மகள். இடுப்பில் இருப்பது பேரன். மகாராஜாக்களை உட்கார வைத்து வரைந்தவருக்கும் வீட்டு ஆட்கள் தேவைப்பட்டிருக்கிறார்கள்.

தெருவுக்கு வருவது

எழும்பூர் ரயில் நிலையத்தில் ஒரு பிளாட்பாரம் டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். ரயில் தாமதம் என்று ஒலிபெருக்கியில் சொல்கிறபோது எல்லோர் முகமும் சுருங்கும், ஓவியனின் முகம் மலரும். மூட்டைமேல் சாய்ந்தவர், தூணில் முதுகு கொடுத்தவர், செய்தித்தாள் விரித்துப் படுத்தவர் எல்லோரும் இன்னும் அரை மணி நேரம் அப்படியே இருக்கப்போகிறார்கள். அதிகாலையில் கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்குகிறவர்களை வரையப் போனால் நிலைமை நேர்மாறு. ஓர் ஆளுக்கு முப்பது விநாடி கிடைக்கும். அதில் முகம், விரல் எதையும் தொடாதீர்கள். தலையிலிருந்து குதிகால் வரை எடை எந்த வழியாக இறங்குகிறது என்று ஒரே கோடு. நூறு கோடு போட்ட பிறகுதான் தாளில் ஒன்றிரண்டு ஆள் நிற்பார்.

தெருவில் வரைகிறபோது சின்னப் புத்தகமும் பேனாவும் போதும். படம் வைத்து வரைகிற தாங்கியான ஈஸலை விரித்தால் பத்து பேர் கூடிவிடுவார்கள், மாடலும் அந்தக் கூட்டத்தில் ஒருவராகி எழுந்து வந்துவிடுவார். நீங்கள் வரைவதை அவர் கவனித்துவிட்டால் ஒளிக்காதீர்கள். சிரித்துவிட்டுப் புத்தகத்தைத் திருப்பிக் காட்டுங்கள். பெரும்பாலும் "மூக்கு பெரிதாகிவிட்டது" என்பதோடு முடிந்துவிடும். வேண்டாம் என்றால் மூடிவிட்டு நகருங்கள், விவாதம் வேண்டாம். குழந்தைகளைத் தனியாக வைத்து வரைய வேண்டாம், பெற்றோரிடம் கேட்டுவிட்டு வரையுங்கள்.

யாருமே அசையாத இடம் ஒன்று வேண்டுமானால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடம் இருக்கிறது. சோழர் காலச் சிலைகள் எத்தனை மணி நேரமானாலும் நிற்கும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். சிற்பிகள் தாளக் கணக்கில் அளந்தவர்கள், முகத்தின் நீளம்தான் அவர்களுக்கு அலகு. தெய்வத்துக்கு ஒரு கணக்கு, குள்ள உருவத்துக்கு வேறொரு கணக்கு. எலும்பு தசைகளைப் படிக்க அந்தக் கூடத்துக்குப் போகாதீர்கள். இடுப்பு ஒரு பக்கம் சாயும்போது தோள் எப்படி எதிர்ப்பக்கம் சாய்கிறது என்று பார்க்கப் போங்கள்.

கேட்கிற விதம்

இதுவரை சொன்னதில், குழந்தைகளைத் தவிர, யாருக்காகவும் கேட்க வேண்டிய தேவை இல்லை. ஒருவரை எதிரில் உட்கார வைத்து உருவப்படம் வரைவது என்று இறங்கினால் கேட்டுத்தான் ஆக வேண்டும். பாதிப் பேர் நின்றுவிடுகிற இடம் இதுதான்.

நான் கூலி கொடுத்து உட்கார வைத்த முதல் மனிதர், எங்கள் தெருமுனையில் வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி வைத்திருந்த பெரியவர். ஒரு மாதம் அவரிடம் துணி கொடுத்து வாங்கிய பிறகுதான் கேட்டேன். "ஐயா, உங்களை உட்கார வைத்து ஒரு படம் வரைய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம். அதற்குக் கூலி தந்துவிடுகிறேன்." அவர் பெட்டியைக் கீழே வைக்காமலே, "என்னை எதற்குத் தம்பி? என் மூஞ்சியில் என்ன இருக்கிறது?" என்றார்.

அந்த இடத்தில் "உங்கள் முகம் அழகாக இருக்கிறது" என்று சொல்லியிருந்தால் என்னைச் சந்தேகப்பட்டிருப்பார். "உங்கள் வலது தோள் இடது தோளைவிட இறங்கியிருக்கிறது ஐயா. அதைத்தான் வரைய வேண்டும்" என்றேன். அவர் தன் தோளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு சிரித்தார். "நாற்பது வருடமாகத் தூக்குகிற பெட்டி" என்றார். ஞாயிறு வருவதாக ஒப்புக்கொண்டார்.

கேட்கும்போது நான்கு விஷயத்தை ஒரே மூச்சில் சொல்லிவிட வேண்டும். எதற்கு, எங்கே, எவ்வளவு நேரம், எவ்வளவு பணம். எதற்கு என்பதில் அவரிடம் நீங்கள் உண்மையிலேயே கவனித்த ஒன்றைச் சொல்லுங்கள். நெற்றிச் சுருக்கம், நரைத்த புருவம், நடக்கிற நடை எதுவானாலும் சரி. ஸ்கெட்ச் புத்தகத்தைக் கையில் வைத்திருங்கள், இதற்கு முன் வரைந்த நாலு பேரைக் காட்டுங்கள். உடனே பதில் கேட்காதீர்கள். "வீட்டில் கேட்டுச் சொல்லுங்கள், நாளைக்கு வருகிறேன்" என்று நகர்ந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

பெண்களை வரைய விரும்புகிற ஆண்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் தடவை ஒரு தோழியையோ அக்காவையோ உடன் அழைத்துப்போய்க் கேளுங்கள். உட்கார வருகிறவர் துணைக்கு யாரை அழைத்து வந்தாலும் அவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். கதவு திறந்திருக்கட்டும். தோற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். பெண் ஓவியர்கள் முன்பின் தெரியாத ஆணை உட்கார வைக்கும்போதும் அறையில் மூன்றாவது ஆள் இருப்பதுதான் நல்லது.

சில வயதானவர்கள் மறுப்பதற்கு வேறு காரணம் இருக்கும். உருவத்தைப் படமாக்கினால் ஆயுசு குறையும் என்ற பழைய எண்ணம் இன்னும் போய்விடவில்லை. சுவரில் மாட்டுகிற பெரிய படம் என்றாலே மாலை போட்ட படம்தானே நம் வீடுகளில். வற்புறுத்த வேண்டாம். இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. எனக்கு உட்கார்ந்த ஒரு பாட்டி, "நான் போன பிறகு மாட்டுவதற்கு நல்ல படம் ஒன்றுகூட இல்லை, வாயை மூடின மாதிரி போடு" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

இந்த ஊரில் யாரெல்லாம் உட்காரக்கூடும் என்று யோசிக்கிறவர்கள் மெரினாவில் உழைப்பாளர் சிலை வரை ஒரு நடை போய் வரலாம். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது. 1850-ல் தொடங்கிய, இன்று அரசு கவின் கலைக் கல்லூரி என்று அழைக்கப்படுகிற நிறுவனத்தின் முதல்வராக இருந்தவர். பாறையைப் புரட்டுகிற அந்த நால்வருக்கும் கல்லூரியின் இரவுக் காவலர் ஒருவரும் மாணவர் ஒருவரும்தான் மாடலாக நின்றார்கள் என்று சொல்வார்கள். அவர் ஆள் தேடி வெகுதூரம் போகவில்லை.

கூத்துப்பட்டறை போன்ற நாடகக் குழுக்களில் பயின்ற நடிகர்களும், சிலம்பம், யோகா சொல்லித்தருகிறவர்களும் உடம்பை நிறுத்தி வைக்கத் தெரிந்தவர்கள். பரதநாட்டியக்காரர்களைப் பற்றி என் அபிப்பிராயம் கொஞ்சம் மாறுபட்டது. இரண்டு நிமிட, ஐந்து நிமிட போஸ்களுக்கு அவர்களை மிஞ்ச ஆள் இல்லை. முகத்தை வரைய உட்கார வைத்தால் மட்டும் பத்து நிமிடத்துக்கு ஒரு முகபாவம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அவர்களுக்கே தெரியாமல் மேடை ஏறிவிடுகிறார்கள்.

கூலி

உட்கார்வது வேலை. நண்பரோ உறவினரோ அல்லாத எவருக்கும் கூலி உண்டு. "உங்களை அழகாக வரைந்து தருகிறேன்" என்பது கூலி ஆகாது.

எவ்வளவு என்பதற்கு நான் வைத்திருக்கிற கணக்கு எளிது. உங்களிடம் வருவதால் அன்று அவர் இழக்கிற வருமானம் எவ்வளவோ, அதற்குக் குறையக் கூடாது. இரண்டு மூன்று மணி நேரத்துக்கு அந்தப் பகுதியில் கொத்தனார் வாங்குகிற அரை நாள் கூலியை அடிமட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். அதோடு போக வர பஸ் செலவு, டீ, பலகாரம். பணத்தை வேலை முடிந்த உடனே, அவர் கேட்பதற்கு முன்னால் கொடுத்துவிடுங்கள். அவர் வந்த பிறகு உங்களால் வரைய முடியாமல் போனாலும் முழுக் கூலி உண்டு.

கட்டுப்படியாகவில்லை என்றால் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு மாடலை அழையுங்கள். வார இறுதியில் கூடி வரைகிற குழுக்கள் சென்னையில் உண்டு, மற்ற ஊர்களிலும் தேடினால் தட்டுப்படும். குழுவாக வரையும்போது ஒருவர் மட்டும் மாடலோடு பேச வேண்டும், ஒருவர் கையில் மட்டும் கடிகாரம் இருக்க வேண்டும். எட்டுப் பேரும் "கொஞ்சம் இந்தப் பக்கம்" என்று ஆரம்பித்தால் அந்த மனிதர் மறுமுறை வர மாட்டார். இன்னொரு வழி, ஓவியர்கள் தங்களுக்குள் மாற்றி மாற்றி உட்கார்வது. இந்த வாரம் நான் உனக்கு, அடுத்த வாரம் நீ எனக்கு. காசு செலவு இல்லை, கழுத்துவலி சரிசமம்.

வெளிச்சம், நாற்காலி, சாக்பீஸ்

மேல்நாட்டு ஓவியப் புத்தகங்கள் எல்லாம் வடக்கு ஜன்னல் வேண்டும் என்று சொல்லும். வடக்கிலிருந்து நேர்வெயில் வராது, நாள் முழுவதும் வெளிச்சம் ஒரே சீராக இருக்கும் என்பது கணக்கு. லண்டனுக்கும் பாரிஸுக்கும் அது சரி. சென்னை 13 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை இங்கே உச்சிச் சூரியனே வடக்குப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும், காலையும் மாலையும் வடக்கு ஜன்னல் வழியாகச் சாய்வெயில் உள்ளே வரும். எனக்கு இது உறைக்க இரண்டு கோடைகள் ஆயின. அந்த மாதங்களில் ஜன்னலுக்கு ஒரு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிவிடுங்கள்.

மின்விசிறி இல்லாமல் நம் ஊரில் யாரையும் உட்கார வைக்க முடியாது. ஆனால் மேலே சுற்றுகிற விசிறி முடியையும் முந்தானையையும் அலைக்கழிக்கும். மேசை விசிறியை மாடலின் முதுகுப்பக்கம் தாழ்வாக வையுங்கள். வெயில் காலத்தில் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுவது உத்தமம்.

ஆளைச் சும்மா உட்கார வைத்தால் விறைத்துவிடுவார். இஸ்திரிக்காரப் பெரியவர் அந்த ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் தடவி, பட்டையாக விபூதி இட்டு, கத்தி போலத் தேய்த்த வெள்ளைச் சட்டையில் வந்தார். கையை முழங்கால்மேல் வைத்துக்கொண்டு ரேஷன் கார்டுக்கு உட்கார்வதுபோல் உட்கார்ந்தார். தோள் இரண்டும் ஒரே மட்டத்தில்! நான் வரைய வேண்டிய தோளையே காணோம். ஒன்றும் சொல்லாமல் தலையை மட்டும் வரையத் தொடங்கினேன், அவருடைய ஊரைப் பற்றிக் கேட்டுக்கொண்டே. கால் மணி நேரத்தில் தாடை தளர்ந்தது. கண் ஜன்னலுக்கு வெளியே போயிற்று. வலது தோள் மெதுவாகத் தன் இடத்துக்கு இறங்கி வந்தது. அதன் பிறகு புதுத் தாளை எடுத்தேன்.

முதல் கால் மணி நேர ஓவியத்தைக் கிழித்துப் போடத் தயாராக இருங்கள். சிலருக்குக் கையில் ஏதாவது கொடுத்தால் சீக்கிரம் இளகிவிடுவார்கள். பேச்சு கொடுக்கலாம், ஆனால் வாய் வரையும்போது மட்டும் கேள்வி கேட்காதீர்கள்.

நேரக் கணக்கு இப்படி: உருவம் வரையப் பழகும்போது ஒரு நிமிட போஸ் பத்து, ஐந்து நிமிடம் நாலு, பிறகு இருபது நிமிடம் ஒன்றோ இரண்டோ. உருவப்படம் என்றால் இருபது நிமிடம் உட்கார்ந்து ஐந்து நிமிடம் எழுந்து நடப்பது என்ற சுற்று. கடிகாரம் அடித்தால் நிறுத்திவிட வேண்டும், "இந்தக் காதை மட்டும் முடித்துவிடுகிறேன்" என்பது கிடையாது. கையைத் தூக்கி நிற்கிற போஸ் ஐந்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. நிற்பவர் முழங்காலைப் பூட்டியதுபோல் விறைப்பாக வைத்துக்கொண்டால் தலைசுற்றி விழ வாய்ப்பு உண்டு. ஒரு காலில் எடையை ஊன்றி மற்றதைத் தளர்த்தச் சொல்லுங்கள், பிடித்துக்கொள்ள ஒரு கம்பு கொடுங்கள். முகம் வெளிறினாலோ வேர்த்தாலோ உடனே உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள்.

எழுந்துபோவதற்கு முன் நாற்காலியின் நான்கு கால்களையும் அவருடைய பாதங்களையும் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடுங்கள். மாஸ்கிங் டேப்பும் ஒட்டலாம். உங்கள் ஈஸல் கால்களுக்கும் அதே மாதிரி குறி வேண்டும், இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். பின்னால் தொங்கவிட்ட துணி, கைகள் இருந்த இடம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளலாம், அவர் சம்மதித்தால். போன் கேமராவை முகத்துக்கு அருகே கொண்டுபோனால் மூக்கு புடைத்துக் காது சிறுத்துவிடும். ஆறேழு அடி தள்ளி நின்று எடுங்கள்.

புடவை கட்டியவரை வரைவதில் ஒரு சங்கடம். அடுத்த வாரம் அதே புடவையில் வந்தாலும் அதே மடிப்பு வராது, இந்த ஜன்மத்தில் வராது. ஆகையால் முந்தானை மடிப்புகளை முதல் நாளே முடித்துவிட்டு, முகத்தை அடுத்தடுத்த அமர்வுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பட்டுப்புடவையைவிடத் துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்திப்புடவை உடம்பின் வடிவத்தை நன்றாகச் சொல்லும்.

"கொஞ்சம் நிறமாகப் போடுங்கள்" என்று பத்தில் ஏழெட்டுப் பேர் கேட்பார்கள். எண்ணிப் பார்த்த கணக்கு அல்ல, அலுப்பில் சொல்கிற கணக்கு. நான் மறுப்பதும் இல்லை, அப்படிச் செய்வதும் இல்லை. கருமை நிறம் என்றால் கறுப்பு வண்ணக்குழாயைப் பிதுக்குகிறவர்களால் வந்த வினை இது. செம்பழுப்பான பர்ன்ட் சியன்னாவும் அல்ட்ராமரைன் நீலமும் கலந்து தொடங்கி, நெற்றியிலும் கன்னத்து எலும்பிலும் ஜன்னல் வானம் விழுகிற இடத்தில் குளிர்ந்த நீலச்சாம்பலை வைத்துப் பாருங்கள். அந்தக் கருமை மின்னும். நிறத்தைப் பற்றிய பேச்சு அதோடு நின்றுவிடும்.

ஒரு தாள் ஒப்பந்தம்

கோயில் வாசலில் பூ விற்கிற ஓர் அம்மாவை வரைந்தேன். கூலி கொடுத்தேன், படத்தைக் காட்டினேன், அவருக்கு மிகவும் சந்தோஷம். சில மாதம் கழித்து அந்த ஓவியத்தைக் கண்காட்சி அழைப்பிதழில் அச்சிட்டேன். அவருடைய மகன் தேடிக்கொண்டு வந்தார். கோபத்தில் கத்தவில்லை. "அம்மா பூ விற்பது என் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது சார்" என்றார். எனக்குப் பதில் இல்லை. ஓவியத்தைக் கண்காட்சியிலிருந்து எடுத்துவிட்டேன். அந்த அம்மா உட்காரச் சம்மதித்தார், ஊர் பார்க்கச் சம்மதித்தாரா என்று நான் கேட்கவே இல்லை. தவறு முழுக்க என்னுடையது.

அன்றிலிருந்து ஒரு பக்கத் தாள் வைத்திருக்கிறேன். தமிழில், சின்ன வாக்கியங்களில். பெயர், தேதி, எத்தனை அமர்வு, எவ்வளவு கூலி, எப்படிப்பட்ட உடை. கீழே தனித்தனிக் கட்டங்கள்: போட்டோ எடுக்கலாமா, கண்காட்சியில் வைக்கலாமா, விற்கலாமா, இணையத்தில் போடலாமா, பெயரைச் சொல்லலாமா. ஒவ்வொன்றுக்கும் தனியாக ஆம், இல்லை. படிக்கத் தெரியாதவருக்கு அவர் வீட்டு ஆள் ஒருவர் முன்னிலையில் வாசித்துக்காட்டுங்கள். இரண்டு பிரதி, ஒன்று அவருக்கு. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால் பெற்றோர் கையெழுத்துப் போட்டு உடன் உட்கார்ந்திருக்க வேண்டும், முழு உடையில் மட்டுமே.

சட்டத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. நீங்கள் கூலி கொடுத்து மாடலை வரைந்தால் ஓவியத்தின் பதிப்புரிமை உங்களுடையது. ஒருவர் உங்களுக்குப் பணம் கொடுத்துத் தன் உருவப்படத்தை வரையச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி உரிமை அவருக்குப் போய்விடும். அந்தப் படத்தை வாழ்த்து அட்டையாக அச்சிட வேண்டும் என்றால் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆடையில்லாத உருவம்

இதைத்தான் பலரும் முதல் கேள்வியாகக் கேட்கிறார்கள். நான் கடைசியில் வைத்திருப்பதற்குக் காரணம், முதல் இரண்டு வருடம் உங்களுக்கு இது தேவைப்படாது. ஆணின் மார்பும் முதுகும் தோள்பட்டையும் படிக்க நம் ஊரில் தனி வகுப்பு வேண்டுமா? காசிமேட்டில் வலை இழுக்கிறவர்கள், கடற்கரையில் உடற்பயிற்சி செய்கிறவர்கள், வேட்டியை மடித்துக்கட்டித் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற தாத்தா, எல்லோரும் சட்டை இல்லாமல்தான் இருக்கிறார்கள்.

அதற்கு மேல் தேவை என்று வரும்போது, அனுபவம் உள்ள மாடலிடம் மட்டும் போங்கள். கலைக் கல்லூரிகளில் ஆண்டுக்கணக்காக மாடலாக உட்கார்கிறவர்கள் இருக்கிறார்கள். கல்லூரி வாசலில் மடக்கிப் பேசாமல், அங்கே கற்பிக்கிற ஆசிரியர் ஒருவர் வழியாக அறிமுகம் செய்துகொள்ளுங்கள். முதல் பேச்சிலேயே என்ன வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். உடையோடு வரைகிறேன் என்று அழைத்துவிட்டு, வந்த இடத்தில் "கொஞ்சம்..." என்று ஆரம்பிக்கிறவன் ஓவியன் இல்லை.

உடை மாற்றத் தனி மறைப்பு, போர்த்திக்கொள்ள அவருக்கென்று ஒரு போர்வை, உள்ளே இருந்து தாழ் போட்ட கதவு, கனமான திரைச்சீலை. அறையில் வரைகிறவர்களைத் தவிர யாரும் இல்லை. போன்கள் எல்லாம் வெளியே ஒரு பெட்டியில். கதவைத் திறந்து வையுங்கள் என்று மேலே சொன்னதற்கு இங்கே விலக்கு. அதற்குப் பதில் குறைந்தது இரண்டு மூன்று ஓவியர்கள், அவர்களில் ஒருவராவது பெண். போஸை வாயால் சொல்லுங்கள், அல்லது நீங்களே நின்று காட்டுங்கள். மாடலைத் தொட்டுத் திருத்தக் கூடாது. இடைவேளையில் அவர் போர்த்திக்கொண்ட பிறகுதான் அவரோடு பேச்சு. எந்த நிமிடத்திலும் அவர் போதும் என்று எழுந்துகொள்ளலாம், அன்றைய கூலி முழுதாக உண்டு.

வரைந்த பிறகு அதை எங்கே காட்டுவது என்பது வேறு கதை. ஓவியர் எம்.எஃப். உசேன் வழக்கில் 2008-ல் தில்லி உயர் நீதிமன்றம், நிர்வாணம் என்பதாலேயே ஓர் ஓவியம் ஆபாசம் ஆகிவிடாது என்ற நிலையை எடுத்து அவருக்கு எதிரான நடவடிக்கைகளை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பு உங்களுக்குத் துணை நிற்கலாம். மாடலாக நின்றவர் தன் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க அது உதவாது. முகம் தெரியாத கோணத்தில் வரைய வேண்டுமா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

முடித்த பிறகு

படத்தைக் காட்டுங்கள், நன்றாக வராவிட்டாலும். இஸ்திரிக்காரப் பெரியவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்கள் அப்பா மாதிரி இருக்கிறது" என்றார். பாராட்டா குறையா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. மூன்று ஞாயிறு உட்கார்ந்தார். நாலாவது வாரம் அவருடைய சினேகிதர், சைக்கிள் கடைக்காரர், தானாகவே வந்து, "எனக்கும் ஒரு பக்கத் தோள் இறங்கியிருக்கிறதாமே" என்று நின்றார். அவர் வழியாக அவருடைய தங்கை, தங்கை வழியாகப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற ஓர் அம்மா. அந்த வருடம் முழுக்க நான் ஆள் தேடவில்லை.

எல்லோருக்கும் ஓவியத்தின் நல்ல அச்சுப் பிரதி ஒன்றைச் சட்டம் போட்டுக் கொடுக்கிறேன். பெயர், எந்தக் கிழமை சௌகரியம், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் முதுகு வலிக்காது, சர்க்கரை போட்ட டீயா போடாததா என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். அடுத்த தடவை கேட்காமலே சர்க்கரை இல்லாத டீ வந்தால் அவர் நாற்காலியில் உட்கார்கிற விதமே வேறாக இருக்கும்.

அடுத்த அமர்வு இருக்கிறது என்றால் ஒன்று மட்டும்: தரையில் போட்ட சாக்பீஸ் குறிகளை வீட்டில் யாரும் பெருக்கித் துடைத்துவிடாமல் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.